பிச்சாவரத்தின் மீன்முள் வாய்க்கால்கள்

பிச்சாவரத்தில் படகேறிப் போனவர்களுக்குச் சுரபுன்னைக் காட்டின் பசுமைதான் நினைவில் நிற்கும். ஆனால் அதே காட்டின் உள்ளே, செடி எதுவும் முளைக்காத வெற்று நிலம் பல காலம் பரந்து கிடந்தது. விறகு வெட்டும் ஊர்க்காரர்களும் மேய வரும் மாடுகளும்தான் காரணம் என்று பேசி வந்தார்கள்.

1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையோடும் ஊர் மக்களோடும் சேர்ந்து அந்த மண்ணை ஆராய்ந்தது. உண்மைக் காரணம் வேறாக இருந்தது. வெள்ளையர் காலத்திலிருந்தே காட்டைக் கூறுகூறாகப் பிரித்து, முறை வைத்து ஒட்ட வெட்டியிருக்கிறார்கள். நிழல் போனதும் வெயில் நேராகச் சேற்றில் விழுந்தது. ஈரம் வற்றி, சேறு அமுங்கி, தரை தொட்டி போலக் குழிந்தது. கடல் ஏறும்போது உள்ளே வந்த தண்ணீர், இறங்கும்போது வெளியேற முடியாமல் தேங்கியது. தண்ணீர் ஆவியானது, உப்பு தங்கியது. உப்பளத்தில் பாத்தி கட்டி நாம் செய்வது அங்கே தானாகவே நடந்தது. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரையே தாங்கும் வெண்கண்டல் என்ற சுரபுன்னைக் காட்டு மரத்துக்கும் அந்த மண் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, தீர்வு என்ன? தேங்கும் நீருக்கு வழிவிடுவது. கழிமுகத்து ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால், அதன் இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன்முள். கடல் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் உப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கழுவப்பட்டது. அப்புறம் கரைகளில் வெண்கண்டல் நட்டார்கள்.

வாய்க்கால் வெட்டுவதோடு வேலை முடியாது. ஓதம், அதாவது ஏறிவரும் கடல்நீர், வண்டலையும் கொண்டுவரும். தூர் வாராமல் விட்டால் வாய்க்கால் மேடிட்டு நிலம் மறுபடி தொட்டியாகிவிடும். அந்த வேலையை விடாமல் செய்ய அங்கேயே வாழ்கிறவர்களால்தான் முடியும். அதனால்தான் ஊர்க்குழுக்கள் அமைத்து, எங்கே வெட்டுவது, யார் பராமரிப்பது என்று மக்களோடு சேர்ந்து முடிவெடுத்தார்கள்.

ஆனால் மக்களுக்குக் காடு மட்டுமே கவலை இல்லையே. அங்குள்ள இருளர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். உதிரும் கண்டல் இலைதான் மக்கி இறாலுக்கு இரையாகிறது என்பதால் காடு அவர்களுக்குச் சோறு. ஆனாலும் பழங்குடிச் சான்றிதழும் பிள்ளைகளுக்குப் பள்ளியும் அவர்களுடைய உடனடித் தேவைகளாக இருந்தன. அவையும் திட்டத்தின் பேச்சுக்குள் வந்தன. என் பார்வையில், வாய்க்காலின் கோணத்தைவிட இந்த முடிவுதான் அந்தத் திட்டத்தின் முக்கியமான தொழில்நுட்பம். அன்றைக்கு வேலையில்லாமல் தவிக்கும் ஒருவரிடம் பத்து வருஷம் கழித்து வளரப்போகும் மரத்தைப் பற்றி மட்டும் பேசினால், அவர் எதற்காகச் சேற்றில் இறங்கித் தூர் வாருவார்?