டெம்பரிங் என்றால் கடினப்படுத்துதல் இல்லை

கத்தி செய்யும் காணொளிகளில் டெம்பரிங் (கடினமேற்றிய எஃகு முறியாமல் இருக்க மறுபடி இளஞ்சூடு காட்டுவது) என்று வருகிற இடத்தில் எல்லாம் ‘கடினப்படுத்துதல்’ என்று தமிழில் போடுகிறார்கள். இந்த மாதம் மட்டும் மூன்று முறை பார்த்துவிட்டேன். இது தவறு மட்டுமல்ல, தலைகீழ்.

டெம்பருக்கு மூலம் லத்தீன்: அளவாகக் கலப்பது, மட்டுப்படுத்துவது. டெம்பரேச்சருக்கும் அதே வேர்தான்.

பட்டறையில் நடப்பது இரண்டு வேலை. லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்த கத்தியை, காந்தம் ஒட்டாத அளவுக்குச் சிவக்கக் காய்ச்சி (சுமார் 770 டிகிரிக்கு மேல்) எண்ணெயில் முக்குவார்கள். கடினம் ஏறுவது அந்தச் சில நொடிகளில். அதற்குக் கொல்லர்களிடம் துவைச்சல், தோய்ச்சல் என்று பழைய சொல்லே இருக்கிறது. கொல்லன் தீயில் காய்ச்சிய இரும்பு உண்ட நீரை மீட்க முடியாது என்கிறது புறநானூற்றின் 21ஆம் பாட்டு. இரும்பு தண்ணீர் குடிக்கிறது! அப்படிச் சொன்ன மொழியில் இதற்குச் சொல் பஞ்சமா?

துவைத்த கத்தி கண்ணாடி மாதிரி. கை தவறினால் முறியும். அதனால் சுமார் 200 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம் மறுபடி இளஞ்சூடு காட்டுகிறார்கள். கடினம் கொஞ்சம் இறங்கும், முறியாத உரம் வரும். இதுதான் டெம்பரிங். கடினம் இறங்குகிற வேலைக்குக் ‘கடினப்படுத்துதல்’ என்று பெயர் வைத்தால், புதிதாகக் கற்கிறவர் கத்தியை மறுபடி சிவக்கக் காய்ச்சமாட்டாரா? செய்த துவைச்சல் அத்தனையும் வீண். மொழிபெயர்த்தவர்கள் கார் ஜன்னலின் டெம்பர்டு கண்ணாடியைப் பார்த்துக் குழம்பியிருக்கலாம். அதைச் சூடாக்கிச் சட்டென்று காற்றால் குளிர்விக்கிறார்கள். பெயர் ஒன்று, வேலை வேறு. ஓரிடத்தில் ‘எஃகைத் தாளித்தல்’ என்றுகூடப் படித்தேன். அகராதியில் முதலில் கண்ட பொருளை எடுத்துப் போட்டுவிட்டு நகர்வதா மொழிபெயர்ப்பு? கொல்லுப்பட்டறை வாசலில் அரை மணி நேரம் நின்றிருந்தால் இப்படி எழுத வராது.

‘பதப்படுத்துதல்’ என்பவர்களோடு எனக்குப் பெரிய சண்டை இல்லை. பதம் அருமையான சொல். பாகுக்கும் பதம், சோற்றுக்கும் பதம். ஆனால் மீனையும் தோலையும் பதப்படுத்துகிறோம். அங்கே கெடாமல் வைப்பதே பொருள், சூடு காட்டுவது அதில் தெரியவில்லை.

நான் வாட்டல் என்பேன். பச்சை வாழையிலையை அப்படியே மடித்தால் கிழியும். அனலில் வாட்டினால் மடங்கும். கத்திக்கும் அதே காரியம்தான். முதலில் தோய்ச்சல், அப்புறம் வாட்டல். தனியாகக் குறிக்க வேண்டுமானால் பதவாட்டல்.

கங்கில் வாட்டுகிற கொல்லரைப் பாருங்கள். துவைத்த கத்தியின் கருப்பைச் செங்கல் துண்டால் தேய்த்து வெளுக்க வைத்து, முதுகை மட்டும் கங்கின் மேல் காட்டுவார். சூட்டில் வைக்கோல் மஞ்சள் நிறம் முதுகிலிருந்து மெல்ல வாய்ப்பக்கம், அதாவது வெட்டும் விளிம்புக்கு, இறங்கி வரும். வாயைத் தொட்டதும் எடுத்துவிடுவார். நீலம் பூக்கும்வரை விட்டால் வாய் மழுங்கிப்போகும்.