ஃபிலசாபிக்கல் சொசைட்டி: தத்துவ சபையா, மெய்யியற் கழகமா?

'ஃபிலசாபிக்கல் சொசைட்டி' என்பதைத் 'தத்துவ சபை' என்று எழுதினால், வேதாந்த விசாரம் நடந்த இடம் என்றே படிப்பவர் எண்ணுவார். 18-ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் தாங்கிய சங்கங்கள் பெரிதும் ஆராய்ந்தவை செடிகொடிகள், கனிமங்கள், வானம், இயந்திரம்.

கிரேக்கத்தில் 'ஃபிலோஸ்' விரும்புபவர், 'சோஃபியா' ஞானம். இயற்கையை ஆராய்வதும் அதில் அடங்கியது. அதனால்தான் லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியின் செயலாளர் ஓல்டன்பர்க் 1665-இல் தொடங்கிய அறிவியல் இதழுக்கு 'ஃபிலசாபிக்கல் டிரான்சாக்ஷன்ஸ்' என்று பெயர். 'சயின்டிஸ்ட்' என்ற சொல்லே 1830-களில் ஆங்கிலேய அறிஞர் வில்லியம் ஹியூவெல் ஆக்கியதுதான்.

அமெரிக்க ஃபிலசாபிக்கல் சொசைட்டியை அமைக்க பெஞ்சமின் பிராங்கிளின் 1743-இல் வெளியிட்ட திட்டத்தைப் பார்த்தால் பொருள் விளங்கும். ஃபிலடெல்ஃபியாவில் குறைந்தது ஏழு உறுப்பினர் எப்போதும் இருக்க வேண்டும்: மருத்துவர், தாவரவியலாளர், கணித அறிஞர், வேதியியலாளர், இயந்திர வல்லுநர், புவியியலாளர், பொதுவான இயற்கை ஆய்வாளர். தலைவர், பொருளாளர், செயலாளர் தனி. மாதம் ஒரு முறையாவது கூட வேண்டும். வட அமெரிக்காவின் மற்ற பிரிட்டிஷ் குடியேற்றங்களில் இருப்பவர்கள் கடிதம் எழுதுவார்கள். முக்கியமானவற்றின் சுருக்கத்தைச் செயலாளர் காலாண்டுக்கு ஒரு முறை எல்லோருக்கும் அனுப்புவார். இந்தக் கடிதங்களுக்கு அஞ்சல் கட்டணம் இல்லை. பிராங்கிளின் அப்போது அந்நகரின் அஞ்சல் தலைவர். இந்த வலைப்பின்னலின் உயிர் கூட்டத்தைவிடக் கடிதத்தில்தான் இருந்தது என்பேன்.

ஆனால் உறுப்பினர்கள் சோம்பேறிகள் என்று 1745-இலேயே பிராங்கிளின் நொந்து எழுதினார். எழுத வேண்டியவர்கள் எழுதாவிட்டால் செயலாளர் எதைச் சுருக்கி அனுப்புவார்? சங்கம் படுத்துவிட்டது. 1769 ஜனவரியில் இன்னொரு சங்கத்தோடு இணைந்துதான் எழுந்தது. அவ்வாண்டு ஜூன் 3-இல் சூரியனை வெள்ளிக் கோள் கடந்ததை அதன் உறுப்பினரான வானியலாளர் ரிட்டன்ஹவுஸ் முதலானோர் அளந்தனர். அந்த அளவீடுகள் 1771-இல் வந்த சங்க வெளியீட்டின் முதல் தொகுதியில் அச்சாயின.

தமிழில் 'மெய்' என்றால் உண்மை, உடல் இரண்டும். காணும் பொருளையும் அதன் உண்மையையும் சேர்த்துத் தேடிய அந்தக் காலத்து ஃபிலாசஃபிக்கு 'மெய்யியல்' அழகாகப் பொருந்துகிறது. 'கழகம்' குறளில் சூதாடும் இடம். கம்பரிடம் 'கலைதெரி கழகம்' என்று கற்கும் இடம். ஆகவே பழைய சங்கங்களை முதலில் குறிக்கும்போது 'இயற்கை மெய்யியற் கழகம்' என்றும், பிறகு 'மெய்யியற் கழகம்' என்றும் எழுதலாம். 'தத்துவ சபை' என்பதை, தத்துவம் மட்டுமே பேசும் இன்றைய அமைப்புகளுக்கு வைத்துக்கொள்ளலாம்.