பெல்ட் கட்டினால் வயிற்றுத் தசை தேறாது

பிள்ளை பெற்ற பிறகு வயிறு வற்ற இடுப்பில் பெல்ட் இறுக்கிக்கொண்டு என்னிடம் வந்தவர்களில், போன வாரத்தில் மட்டும் இது மூன்றாவது. குழந்தைக்கு 4 மாதம், அம்மாவுக்கு 26 வயது. பெல்ட்டைக் கழற்றினால் இடுப்பைச் சுற்றிச் சிவந்த தடம், ஓரமெல்லாம் வேர்க்குரு. “ராத்திரியும் கழற்றுவதில்லையா?” என்று கேட்டேன். கூட வந்த மாமியார்தான் பதில் சொன்னார்: “கழட்டினா காத்து புகுந்து வயிறு பெருத்துடும்ல மேடம்.”

படுக்கவைத்துத் தலையை மட்டும் தூக்கச் சொன்னேன். தொப்புளுக்கு மேலே நடுவயிறு கூரை முகடு மாதிரி எழுந்தது. தொட்டுப் பார்த்தால் தசைகளுக்கு நடுவே மூன்று விரல் இடைவெளி. அப்புறம்தான் தயங்கித் தயங்கிச் சொன்னாள், இருமினால் சிறுநீர் கசிகிறதாம்.

வயிற்றுக்குள் காற்று புகாது. எத்தனை தடவை சொல்வது! பிள்ளை பிறந்ததும் கருப்பை ஏறக்குறைய 1 கிலோ இருக்கும். 6 வாரத்தில் தானே சுருங்கி 100 கிராமுக்குள் வந்துவிடும். பெல்ட்டோ துணியோ கட்டினாலும் சுருங்கும், கட்டாவிட்டாலும் சுருங்கும். அந்த நாட்களில் வயிறு வற்றுவதைப் பார்த்துவிட்டு, துணியால்தான் வற்றியது என்கிறோம்.

தசை கதை வேறு. முன்வயிற்றில் மேலிருந்து கீழாக இறங்கும் இரண்டு பட்டைகள் கடைசி மாதங்களில் அநேகமாக எல்லாருக்கும் விலகும். முதல் 8 வாரத்தில் பெரும்பாலும் நெருங்கிவிடும். அதற்கு மேல் பலம் வர, தசை வேலை செய்தாக வேண்டும். அந்த வேலையை நாள் முழுக்க பெல்ட் செய்தால் தசை எப்படித் தேறும்? இறுக்கிக் கட்டினால் அழுத்தம் வேறு கீழே இறங்கி, ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்படித் தசையை, அதாவது சிறுநீரை அடக்க உதவும் தசையை, தள்ளும். சிசேரியன் ஆனவர்கள் முதல் சில வாரம் நடக்கும்போது தாங்கலாகப் போட்டுக்கொள்ளட்டும், தவறில்லை. மூச்சு முட்டக்கூடாது. படுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

வீடியோ பார்த்துத் தினம் நூறு ‘சிட்-அப்’ எடுப்பவர்களுக்கும் சொல்கிறேன்: முகடு எழும்பும் எந்தப் பயிற்சியும் இப்போது வேண்டாம்.

மல்லாந்து படுத்து முழங்காலை மடக்குங்கள். மூச்சை வெளியே விட்டபடி, சிறுநீரை அடக்குவதுபோல் இறுக்கி, அடிவயிற்றை மெல்ல உள்ளே இழுங்கள். 5 எண்ணும்வரை, 10 முறை. மூச்சை மட்டும் அடக்காதீர்கள். சிசேரியன் என்றால் உங்கள் டாக்டரைக் கேட்டுத் தொடங்குங்கள். படுக்கையிலிருந்து நேராக எழாதீர்கள். ஒருக்களித்து, கையை ஊன்றி எழுங்கள். தண்ணீர்க் குடம், சிலிண்டர் பக்கமே பிரசவமாகி 6 வாரம் போகக்கூடாது. தொப்புள் புடைத்து வலித்தாலோ, தையலில் சீழ் வைத்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் போங்கள். சிறுநீர்க் கசிவை, “பெத்தவளுக்கு இதெல்லாம் சகஜம்” என்று மறைக்காதீர்கள். முறையாகப் பயிற்சி செய்தால் பெரும்பாலானவர்களுக்குக் குறையும்.

வீட்டுப் பெரியவர்களே, பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் பார்த்துப் பார்த்துச் சமைக்கிறீர்கள். கூடவே தினம் 15 நிமிஷம் குழந்தையைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமல்தான் பாதிப் பேர் பயிற்சியை விட்டுவிடுகிறார்கள்.

அன்றைக்கு அந்த மாமியார் பேரனை மடியில் போட்டுக்கொண்டு, மருமகள் ஒவ்வொரு முறை மூச்சை விடும்போதும் விரல்விட்டு எண்ணினார். எட்டில் அவள் நிறுத்தப் பார்த்தாள். “இன்னும் ரெண்டு இருக்கும்மா” என்றார்.