ஸ்டிக்கர் போகட்டும், பெயிண்ட் இருக்கட்டும்

2024 மே 2ஆம் தேதி முதல் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, நம்பர் பிளேட்டில் கண்டதையும் ஒட்டியிருக்கும் வண்டிகளை ஓரம்கட்டத் தொடங்கியது. முதல் முறை 500 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 1,500. பிரஸ், வக்கீல், போலீஸ், கட்சிக் கொடி என்று பலதும் அந்த நாட்களில் மளமளவென்று கழன்றன. கழன்ற விதம்தான் சரியில்லை. 'எதற்கு வம்பு' என்று பைக்கின் டேங்கிலும் வைசரிலும் இருந்ததையும் சேர்த்துச் சாவியாலும் பிளேடாலும் சுரண்டிவிட்டு, "டச்சப் பண்ண முடியுமாண்ணே?" என்று எங்கள் பெயிண்ட் பட்டறைக்கு வந்தவர்கள் நிறையப் பேர். டேங்கை முழுதாகப் பெயிண்ட் அடிக்க ஆகிற செலவைக் கேட்டதும், அபராதமே பரவாயில்லை என்கிற முகம் ஒவ்வொருவருக்கும்.

அந்தக் கூட்டம் ஓய்ந்துவிட்டது, வேலை ஓயவில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் முதலில் கை வைப்பது பழைய சொந்தக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரில்தான். வருகிறவர்கள் கேட்பது, "எதைப் போட்டா இது போகும்?" நான் திருப்பிக் கேட்பது, "எது மேல ஒட்டியிருக்கு?" ஸ்டிக்கர் எதைப் போட்டாலும் ஒரு நாள் போகும். அடியில் இருப்பது எதைத் தாங்கும் என்பதுதான் விஷயம்.

கம்பெனியில் அடித்து வரும் பெயிண்ட், அடிப்பூச்சான பிரைமர், கலர், மேலே பளபளப்புக்கான கிளியர் கோட் எல்லாம் சேர்த்துச் சுமார் 100 மைக்ரான் இருக்கும். சாதாரண ஏ4 தாள் ஒன்றின் கனம், அவ்வளவுதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு 30 முதல் 50 மைக்ரான். பிளேடு நுனி இதைத் தாண்ட ஒரு நொடி போதும். ஆனாலும் இந்தக் கம்பெனி பெயிண்ட் கெட்டியானது. சூளையில் சுட்டது. முறையாகச் செய்தால் ஸ்டிக்கரை விட்டுக்கொடுக்கும், தான் கழன்று வராது.

வம்பு எல்லாம் மறுபடி பெயிண்ட் அடித்த வண்டியில்தான். ஒரு சிவப்பு வண்டி வந்தது. டேங்கின் இடப்பக்கம் ஒரு நடிகர் படம் ஒட்டியிருந்த இடத்தில் உள்ளங்கை அளவுக்குப் பெயிண்டே இல்லை. ஸ்டிக்கரின் முதுகுப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் சிவப்புப் பெயிண்ட் தோலோடு வந்ததுபோல அப்படியே ஒட்டியிருக்கிறது. டேங்கில் தெரிந்தது பள்ளத்தை நிரப்பப் பூசும் மஞ்சள் பட்டி. எப்போதோ விழுந்து நசுங்கிய டேங்குக்குப் பட்டி போட்டு, சரியாகத் தேய்க்காமல், பிரைமரும் இல்லாமல், மேலே என்.சி., அதாவது தின்னர் பட்டாலே கரைகிற நைட்ரோசெல்லுலோஸ் பெயிண்டை ஊதியிருக்கிறார்கள். நசுங்கிய இடம் கண்ணில் படாமல் இருக்க மேலே நடிகரை ஒட்டியாயிற்று. விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. வாங்கியவர் கையில்தான் குட்டு வெளிப்பட்டது.

எனவே உரிப்பதற்கு முன் பாருங்கள். பெட்ரோல் மூடியைச் சுற்றியும் சீட்டுக்கு அடியில் டேங்க் முடியும் ஓரத்திலும் பெயிண்ட் திட்டுத் திட்டாக இருக்கிறதா? ரப்பரிலும் போல்ட்டிலும் வண்டி கலர் தெறித்திருக்கிறதா? மேற்பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரிச் சொரசொரப்பாக இருக்கிறதா? இருந்தால் அது மறு பெயிண்ட். அது என்.சி.யா, ஹார்ட்னர் கலந்து அடிக்கிற 2கே பெயிண்டா என்று தெரிய, மறைவான மூலையில் வெள்ளைத் துணியில் ஒரு சொட்டுத் தின்னர் தொட்டுத் தேய்த்தால் போதும். துணியில் கலர் இறங்கினால் என்.சி. அந்த வண்டிக்குத் தின்னர், பெட்ரோல் பக்கமே போகக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீர், தேங்காய் எண்ணெய், பொறுமை மூன்றுதான்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கம்பெனி கிராபிக்ஸ் சிலது பெயிண்டுக்கு மேல் ஒட்டியவை, சிலது கிளியர் கோட்டுக்கு அடியில் இருப்பவை. ஓரத்தில் நகத்தை ஓட்டுங்கள். தட்டினால் மேலே இருக்கிறது, உரிக்கலாம். வழுக்கிக்கொண்டு போனால் அது உள்ளே இருக்கிறது. அதை எடுக்க ஒரே வழி தேய்த்துப் பெயிண்ட் அடிப்பதுதான். இது தெரியாமல் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வந்தவர்கள் உண்டு.

சரி, உரிக்கலாம். முதலில் அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். மண் துகள் இருந்தால் நீங்கள் எதை வைத்துத் தேய்த்தாலும் அது உப்புத்தாள் வேலையைத்தான் செய்யும். அப்புறம் சூடு. பசை இளக 50, 60 டிகிரி போதும். இதற்கு ஹீட் கன் வேண்டாம், அது 500 டிகிரிக்கு மேல் போகிற கருவி. அதிலும் டேங்க் என்றால் வேண்டவே வேண்டாம். பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கச் சூடே தேவையில்லை, மைனஸ் 40 டிகிரியிலேயே அது தயாராக இருக்கும். ஹேர் டிரையருக்குள்ளும் கம்பி பழுக்கிறது, ஆகவே டேங்கில் அதையும் நான் அனுமதிப்பதில்லை. வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியைப் பல முறை மாற்றி மாற்றிப் போடுங்கள். நம் ஊர் வெயில் இருக்கவே இருக்கிறது. கறுப்பு டேங்கை மதியம் அரை மணி நேரம் வெளியே நிறுத்தினால் இலவசமாகச் சூடேறிவிடும். சைடு பேனல், வைசருக்கு ஹேர் டிரையர் தாராளமாகப் போதும், ஓரிடத்தில் நிறுத்தாமல் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

மூலையை நகத்தாலோ காலாவதியான ஏ.டி.எம். கார்டாலோ கிளப்புங்கள். பிறகு மேல்நோக்கி இழுக்காமல், ஸ்டிக்கரை அதன் மேலேயே மடித்து, பெயிண்டை ஒட்டியபடி மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். வேகமாக இழுத்தால் பசை கீழே தங்கும், ஸ்டிக்கர் கிழியும். மெதுவாக இழுத்தால் பசையும் பெரும்பாலும் கூடவே வரும். பழைய ஸ்டிக்கர் என்றால் வேறு கதை. வினைலை வளைந்து கொடுக்க வைக்கிற பொருள் வருடக்கணக்கான வெயிலில் வெளியேறியிருக்கும், தொட்டால் சில்லுச் சில்லாக உடையும். அப்போது சில்லுச் சில்லாகத்தான் எடுக்க வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

சாமி ஸ்டிக்கர் விஷயத்தில் ஒன்று. முருகனோ மாதாவோ 786ஓ, கிழியாமல் வந்தால் ஒரு தாளில் ஒட்டி வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுவோம். குப்பைக் கூடையில் போட எங்கள் பையன்களுக்கு மனசு வராது, வண்டிக்காரருக்கும் அப்படித்தான்.

ஸ்டிக்கர் போனபின் மிஞ்சும் பசைதான் பலருக்குப் பொறுமையைச் சோதிப்பது. இங்கேதான் பச்சை ஸ்க்ரப்பரும் கம்பி நாரும் கைக்கு வருகின்றன. இரண்டையும் சமையலறையிலேயே விட்டுவிடுங்கள். நான் முதலில் எடுப்பது நீலகிரித் தைலம். பருத்தித் துணியில் நனைத்துப் பசை மேல் போர்த்தி ஐந்து நிமிடம் விட வேண்டும். துணியை எடுத்ததும் பசை வெளுத்துப் பொங்கியிருக்கும். கட்டைவிரலால் ஒரு பக்கமாக உருட்டினால் சாம்பல் நிறத் திரியாகச் சுருண்டு வரும். அழுத்தம் தர வேண்டிய அவசியமே இல்லை. வரவில்லையா, இன்னொரு ஐந்து நிமிடம் போர்த்துங்கள். (குழந்தைகள் இருக்கும் வீட்டில் பாட்டிலை உயரத்தில் வையுங்கள், குடித்துவிட்டால் விஷம்.) தேங்காய் எண்ணெயும் வேலை செய்யும், இரவு முழுக்க ஊற விட வேண்டும். மண்ணெண்ணெய், டபிள்யூ.டி. 40 ஸ்பிரே இரண்டும் கம்பெனி பெயிண்டுக்குத் தொந்தரவு தராதவை, ஆனால் பிசுக்கு நிற்கும். எதைப் போட்டாலும் கடைசியில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். பசை எடுக்கிற இந்த வேலையை நிழலில், வண்டி ஆறியபின் செய்யுங்கள்.

பெட்ரோலைத் துணியில் நனைத்துத் துடைப்பது நம் மெக்கானிக் கடைகளின் ஆதி வழக்கம். பசை போகும், மறுக்கவில்லை. இஞ்சின் சூடாக இருக்கும்போது, பக்கத்தில் ஒருவர் பீடியோடு நிற்கும்போது, அதே துணி மூலையில் குவிந்து கிடக்கும்போது என்ன ஆகும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

நெயில் பாலிஷ் ரிமூவரையும் தின்னரையும் பிளாஸ்டிக் பக்கம் கொண்டுபோகாதீர்கள். ஹெட்லைட்டில் நாம் கண்ணாடி என்று சொல்வது பெரும்பாலும் பாலிகார்பனேட் பிளாஸ்டிக். ரிமூவரில் இருக்கும் அசிட்டோன் பட்டால் பால் ஊற்றியது மாதிரி மங்கும், உள்ளுக்குள் மயிரிழை விரிசல் ஓடும். திரும்ப வராது. அங்கே தைலம்கூட வேண்டாம், தேங்காய் எண்ணெயும் சோப்புத் தண்ணீரும் போதும்.

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்: எண்ணெய்ப் பசையுள்ள எதுவும் பிரேக் டிஸ்க்கிலும் பிரேக் பேடிலும் டயரிலும் படக் கூடாது. முன் மட்கார்டு ஸ்டிக்கரையும் ரிம் டேப்பையும் எடுக்கிறவர்கள் ஸ்பிரேயை நேரடியாக அடிக்கிறார்கள், அது வழிந்து டிஸ்க்கில் இறங்குகிறது. அடுத்த சிக்னலில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்காது. டிஸ்க்கைப் பிளாஸ்டிக் கவரால் மூடிவிட்டு, திரவத்தைத் துணியில் ஊற்றித் துடையுங்கள். தெரியாமல் பட்டுவிட்டால் பிரேக் கிளீனரால் டிஸ்க்கைத் துடைக்கலாம். பேடு எண்ணெயை உறிஞ்சியிருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

நம்பர் பிளேட் தனிச் சாதி. 2019 ஏப்ரல் முதல் வந்த வண்டிகளில் இருப்பது ஹாலோகிராமும் லேசர் எண்ணும் உள்ள உயர்பாதுகாப்பு பிளேட். அதன் மேல் இருப்பது பெயிண்ட் அல்ல, வெளிச்சத்தைத் திருப்பியடிக்கும் ஒரு படலம். தின்னர் பட்டால் அது சுருங்கும், சுரண்டினால் இரவில் நம்பர் தெரியாது. வெந்நீர்த் துணி, சோப்பு, அதற்கு மேல் வேண்டாம்.

உயரமாக நிற்கும் எழுத்துகளையும் எம்ப்ளத்தையும் நெம்பி எடுக்காதீர்கள். தூண்டில் நரம்பை அடியில் விட்டு ரம்பம் போல இழுத்தால் உள்ளே இருக்கும் ஃபோம் டேப் அறுந்துவிடும்.

எல்லாம் முடிந்தபின் ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் புதுசாக, சுற்றிலும் வெளுத்து, அச்சு மாதிரித் தெரியும். சிவப்பு வண்டிகளில் ரொம்பவே தெரியும். அது அழுக்கு அல்ல. சுற்றியிருப்பது வெயிலில் வெளுத்திருக்கிறது, மூடியிருந்தது வெளுக்கவில்லை. லேசான பாலிஷ் போட்டால் சுற்றுப்புறம் கொஞ்சம் நிறம் ஏறி வித்தியாசம் குறையும், முழுதாக மறையும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மிஷின் வைத்து ரப்பிங் காம்பவுண்டால் அழுத்தித் தேய்க்கச் சொல்லாதீர்கள், ஒவ்வொரு சுற்றிலும் கிளியர் கோட்தான் குறைகிறது. மேட் பெயிண்ட் வண்டியில் பாலிஷ், காம்பவுண்ட், வாக்ஸ் எதுவுமே கூடாது. தேய்த்த இடம் மட்டும் பளபளத்துவிடும், அதைத் திரும்ப மேட் ஆக்க முடியாது.

புதுசாகப் பெயிண்ட் அடித்த வண்டியில் ஒரு மாதத்துக்கு எதையும் ஒட்டாதீர்கள். சூளை இல்லாத பட்டறையில் அடித்த பெயிண்ட் மறுநாளே தொட்டுப் பார்க்கக் காய்ந்திருக்கும், உள்ளே இருக்கும் தின்னர் முழுதாக வெளியேற வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் ஒட்டினால் ஸ்டிக்கருக்கு அடியில் கொப்புளம் கிளம்பும். ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் டெலிவரி எடுக்கிறவர்களிடம் நான் இதைச் சொல்கிறேன். தலையாட்டுகிறார்கள். பூஜை அன்று வேல் ஸ்டிக்கரோடு வந்து நிற்கிறார்கள்.