டீவியேஷன்: விலகலா, மீறலா?

"கொஞ்சம் டீவியேஷன் இருக்கு சார், சென்னையில எந்த பில்டிங்ல இல்ல?" ஃபிளாட் பார்க்கப் போனவர்களுக்குப் பழகிய வசனம் இது. அனுமதி வாங்கிய வரைபடத்தை விட்டு மாற்றிக் கட்டுவதைத்தான் டீவியேஷன் என்கிறார்கள்.

சொல் லத்தீனிலிருந்து வந்தது. 'டே' என்றால் விட்டு, 'வியா' என்றால் வழி. வழியை விட்டு இறங்குவது. தமிழில் 'நெறி'க்கும் முதற்பொருள் வழிதான், விதி என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது. அந்தக் கணக்கில் 'நெறிபிறழ்வு' அச்சாகப் பொருந்தும். ஆனால் அது மனிதர்களின் நடத்தைக்கென்றே ஆகிவிட்டது. 'திட்ட விலகல்' என்றாலோ பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தின் 'திட்ட விலக்கம்' நினைவுக்கு வரும். தவிர, 'விலகல்' ஏதோ தானாக நேர்ந்ததுபோல ஒலிக்கிறது. மொட்டைமாடியில் ஒரு வீடு தானாக முளைப்பதில்லை. 'அனுமதி மீறல்' என்பதே சரியான சொல்.

எதை மீறியது? சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்), டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அல்லது உள்ளாட்சி முத்திரையிட்ட வரைபடத்தை. அதையும் ஒரு டேப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். உதாரணமாக, வரைபடத்தில் பக்கவாட்டு செட்பேக், அதாவது கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய காலியிடம், 3 மீட்டர். வெளிச்சுவரிலிருந்து காம்பவுண்டு வரை பிடித்தால் 2.1 வருகிறது. கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கிடையே விட்ட ஸ்டில்ட் பார்க்கிங்கில் அறை தடுத்திருக்கிறது. வரைபடத்தில் ஆறு வீடு, மீட்டர் போர்டில் ஏழு வீட்டு மீட்டர். அந்த ஏழாவது வீட்டுக்கு யுடிஎஸ் (மனையில் பிரிபடாத பங்கு) எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள்; பெரும்பாலும் மற்ற ஆறு பேரின் பங்கில் நறுக்கியதுதான்.

பத்திரம் பதிவானதால் மீறல் சரியாகிவிடாது. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் இடிப்பு, சீல் வைப்பு நடவடிக்கைகள் வரும். நோட்டீஸ் உரிமையாளருக்கு, அதாவது வாங்கியபின் உங்களுக்கு. "வரன்முறை பண்ணிக்கலாம்", அதாவது மீறலைப் பின்னால் சட்டப்படி ஏற்கச் செய்யலாம் என்றால் கட்டிய ஆண்டைக் கேளுங்கள்: அதே சட்டத்தின் 113-சி பிரிவு 2007 ஜூலை 1 வரை கட்டியவற்றுக்குத்தான்.

புதுக் கட்டடமானால் 2016-ஆம் ஆண்டு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டத்தின் 14-ஆம் பிரிவுதான் வாங்குபவரின் ஆயுதம். அனுமதித்த வரைபடப்படியே கட்ட வேண்டும். கட்டட அமைப்பையோ பொது இடத்தையோ மாற்ற, வாங்கியவர்களில் மூன்றில் இரு பங்கினரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஒப்பந்தத்தோடு 'எதிர்கால மாற்றங்களுக்குச் சம்மதம்' என்று ஒரு தாளைச் சேர்த்து நீட்டுவார்கள். அதில் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் பதிவாகும் முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் கொடுக்கவும் வேண்டாம்; 13-ஆம் பிரிவு பில்டர் வாங்குவதையே தடுக்கிறது. சொன்னபடி வீட்டை ஒப்படைக்காவிட்டால் 18-ஆம் பிரிவில் பணத்தை வட்டியோடு திரும்பக் கேட்கலாம். 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனையிலோ எட்டு வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டினால் ரெரா பதிவு கட்டாயமில்லை. அங்கே நுகர்வோர் ஆணையம்தான் வழி, அதற்கு இரண்டு ஆண்டுக் கெடு.

விதிமீறிக் கட்டிய நொய்டா இரட்டைக் கோபுரங்களை இடிக்க 2021-இல் உத்தரவிட்ட உச்ச நீதிமன்றம், வாங்கியவர்களுக்கு 12 சதவீத வட்டியோடு பணம் கிடைக்கச் செய்தது. 2024 டிசம்பர் 17 தீர்ப்பில், கட்டடம் அனுமதிப்படி முடிந்தது என்ற நிறைவுச் சான்றுக்குப் பிறகே வீட்டை ஒப்படைக்க வேண்டும், வங்கிகளும் அந்தச் சான்றைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும் என்றது. எனவே சாவிக்கு முன் சான்றைக் கேளுங்கள்.

புகார் என்றால் ரெரா ஆணையத்துக்குப் படிவம் எம், இழப்பீடு கேட்கத் தீர்ப்பு அலுவலரிடம் படிவம் என். மனுவில் 'டீவியேஷன்' என்று பொத்தாம்பொதுவாக எழுதாதீர்கள். "வரைபடத்தில் கிழக்குப் பக்கம் 3.0 மீட்டர், கட்டியிருப்பது 2.1, 14-ஆம் பிரிவு மீறல்" என்று அளவோடு எழுதி, டேப் தெரிகிற படத்தை இணையுங்கள்.