அறிவியல் சுற்றுலாவுக்குப் புறப்படும் பிள்ளையிடம் ‘தண்ணீர் குடிக்காதே’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியை அவளுடைய அம்மாவும் தாய்மாமனும் தாங்கிப் பிடித்தபடி என் அறைக்குள் அழைத்து வந்தார்கள். 103 டிகிரி காய்ச்சல். பற்கள் அடித்துக்கொள்ளும் அளவுக்குக் குளிர். வலப்பக்க விலாவின் பின்புறத்தில் விரல் பட்டாலே துடித்தாள். பள்ளியிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் நான்கு நாள் அறிவியல் சுற்றுலா சென்று திரும்பி இரண்டு நாள்கள்தான் ஆகியிருந்தன. பயணத்தில் எவ்வளவு தண்ணீர் குடித்தாய் என்று அவளிடம் கேட்டேன். அம்மா முந்திக்கொண்டு, “வழியில் கழிப்பறை வசதி இருக்காது, தண்ணீரைக் குறைத்துக்கொள் என்று நான்தான் சொல்லி அனுப்பினேன், டாக்டர்” என்றார். அதைத் தவறாக நினைத்து அவர் சொல்லவில்லை. பொறுப்பான தாய் செய்ய வேண்டியதைச் செய்ததாகவே சொன்னார்.

மதுரைக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் இருபது ஆண்டுகளாகக் குழந்தைகள் நல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இந்தக் கல்வியாண்டில் மட்டும் சுற்றுலா முடிந்து சிறுநீரகத் தொற்றுடன் வந்த நான்காவது பெண் குழந்தை இவள். நான்கு பேருக்கும் ஒரே அறிவுரைதான் வீட்டிலிருந்து கிடைத்திருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் குடிக்காவிட்டால் சிறுநீர் வராது என்று நம் வீடுகளில் உறுதியாக நம்புகிறார்கள். வளர்ந்த ஒருவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லிட்டர் நீரை வடிகட்டி, அதில் மிகப் பெரும் பகுதியை மீண்டும் உடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, எஞ்சியதைக் கழிவுகளோடு சேர்த்து வெளியேற்றுகின்றன. தண்ணீரே குடிக்காமல் இருந்தாலும் இந்த வேலை நிற்பதில்லை. கழிவு வெளியேறியே ஆக வேண்டும் என்பதால், எவ்வளவுதான் சுருக்கினாலும் வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய அரை லிட்டர் சிறுநீராவது உருவாகிவிடும். ஆகவே, தண்ணீரை நிறுத்திய பிள்ளைக்கும் சிறுநீர்ப்பை நிரம்பத்தான் செய்யும். மெதுவாக நிரம்பும், அடர்ந்த மஞ்சள் நிறத்தில் நிரம்பும், வெளியேறும்போது எரியும். எரியும் என்ற பயத்தில் பிள்ளை இன்னும் அடக்குவாள். அடக்கிய சிறுநீர் தேங்கிய குட்டைக்குச் சமம். பெண்களுக்குச் சிறுநீர்த்தாரை, அதாவது சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளியேறும் குழாய், மிகவும் நீளம் குறைந்தது. குடலில் இயல்பாகவே வாழும் ஈ.கோலை போன்ற கிருமிகள் அதன் வழியே எளிதில் மேலேறிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழித்துவிட்டால் அவை அடித்துச் செல்லப்படும். குட்டையாகத் தேங்கினால் அங்கேயே பெருகும்.

இதற்கு அடுத்தபடியாக என்னை வருத்துவது ‘சூடு’ என்ற சொல். நீர்க்கடுப்பு வந்தால் பேருந்தின் இன்ஜின் சூடு என்கிறார்கள், சன்னலோர வெயில் என்கிறார்கள். தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்து, மோர் கொடுத்து, இரண்டு நாள் பார்க்கிறார்கள். மோர் கொடுப்பதில் எனக்கு மறுப்பில்லை, அது நீர்ச்சத்துதான். தண்ணீர் குறைந்து சிறுநீர் அடர்ந்ததால் மட்டும் ஏற்பட்ட எரிச்சல், நன்றாகத் தண்ணீர் குடித்த சில மணி நேரத்தில் தணிந்துவிடும். ஆனால் காய்ச்சலும் குளிரும் முதுகு வலியும் வாந்தியும் சேர்ந்துவிட்ட பிறகு அதைச் சூடு என்று அழைத்துக்கொண்டிருப்பது, தொற்று சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீரகத்துக்கு ஏறியதைக் கைகட்டிப் பார்ப்பதாகும். இந்தப் பெண்ணுக்கும் இரண்டு நாள் எண்ணெய்தான் வைத்திருக்கிறார்கள். பிறகு மூன்று நாள் இரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டியதாயிற்று.

சுற்றுலாவின் நடைமுறையைச் சற்று எண்ணிப் பாருங்கள். மதுரையிலிருந்து சென்னை சுமார் 460 கிலோமீட்டர். எங்கள் ஊரிலிருந்து இன்னும் கூடுதல். இரவு முழுவதும் பேருந்து. காலையில் ஏதோ ஒரு மண்டபத்தில் ஐம்பது பிள்ளைகளுக்கு மூன்று குளியலறைகள். அங்கிருந்து கோட்டூர்புரத்தில் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், அதே வளாகத்தில் பிர்லா கோளரங்கம், பிறகு எழும்பூர் அருங்காட்சியகம், மாலையில் கடற்கரை. இரவே மறுபடியும் பேருந்து ஏறி, ஏறத்தாழ 350 கிலோமீட்டர் கடந்து பெங்களூரு. அங்கே விசுவேசுவரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகமும் நேரு கோளரங்கமும். எல்லாமே பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடங்கள்தான். அவற்றை எதிர்த்து நான் ஒரு சொல்லும் சொல்ல மாட்டேன். விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தில் ரைட் சகோதரர்களின் விமானத்தை முழு அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். அதன் முன் நிற்கும் கிராமத்துப் பிள்ளையின் முகத்தை ஒருமுறை பார்த்தவர்கள் இந்தப் பயணங்களின் அருமையை அறிவார்கள்.

இந்தப் பெண்ணிடம் அந்த விமானத்தைப் பார்த்தாயா என்று கேட்டேன். எல்லாரும் மேல்தளங்களுக்குப் போனபோது தனக்கு வயிற்றின் அடிப்பகுதி கனத்து வலித்ததால் கீழேயே உட்கார்ந்துவிட்டதாகச் சொன்னாள். கோளரங்கத்தில் இருட்டியதும் எப்போது விளக்குப் போடுவார்கள் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருந்தாளாம். ஓர் ஆண்டாகப் பணம் சேர்த்து அனுப்பி வைத்த பயணத்தில் அந்தக் குழந்தைக்குக் கிடைத்தது இவ்வளவே.

கழிப்பறைகள் இருந்தன, அவள் போகவில்லை. ஏன் என்று தனியாக விசாரித்தபோது காரணம் தெரிந்தது. வண்டியை நிறுத்திய ஆசிரியர், “யாருக்குப் போக வேண்டும்? கையைத் தூக்குங்கள்” என்று ஆண் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் பேருந்தில் கேட்டிருக்கிறார். பதினான்கு வயதுப் பெண் எப்படிக் கை தூக்குவாள்? ஆசிரியப் பெருமக்களே, தயவுசெய்து அப்படிக் கேட்காதீர்கள். இரண்டு அல்லது இரண்டரை மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, “எல்லாரும் இறங்குங்கள்” என்று சொல்லுங்கள். எல்லாரும் இறங்கினால் யாருக்கும் கூச்சமில்லை. ஆசிரியை ஒருவர் முதலில் உள்ளே சென்று, தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிள்ளைகளை அனுப்பட்டும். கோளரங்கக் காட்சிக்கு முன் கால் மணி நேரத்தை இதற்கென்றே ஒதுக்குங்கள். ஐம்பது பிள்ளைகளை இரண்டு ஆசிரியைகள் மேய்ப்பதன் சிரமம் எனக்குத் தெரியும். ஓட்டுநர் அவசரப்படுத்துவார் என்பதும் தெரியும். அதற்காகவே சொல்கிறேன்: ஒரு நாளில் நான்கு இடங்கள் என்பதை இரண்டாகக் குறைத்துவிடுங்கள்.

ஆண் பிள்ளைகளுக்கு இந்தத் தொற்றின் ஆபத்து குறைவே தவிர, தண்ணீர் அவர்களுக்கும் அதே அளவு தேவை. நுழைவுச்சீட்டு வரிசையில் வெயிலில் நின்று மயங்கி விழுந்த பையன்களையும் பார்த்திருக்கிறேன். பதின்ம வயதுப் பிள்ளை ஒரு நாளில் இரண்டு லிட்டராவது குடிக்க வேண்டும். வெயிலில் நடந்தால் இன்னும் அதிகம். ஓஆர்எஸ் என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் பொடி கொண்டு போவதானால் ஒரு லிட்டர் நீருக்கு உரிய பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டரிலேயே கரையுங்கள். அட்டைப்பெட்டியில் விற்கும் பழச்சுவைப் பானம் அதற்கு ஈடாகாது.

பெற்றோருக்கு இன்னொன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிள்ளைக்கு முதல் வகை நீரிழிவோ வலிப்போ ஆஸ்துமாவோ இருந்தால், சுற்றுலாவில் சேர்த்துக்கொள்ள மாட்டார்களோ என்று அஞ்சி ஆசிரியரிடம் மறைக்காதீர்கள். பயணம்தானே என்று இன்சுலினை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. அதைப் பேருந்தின் அடியில் உள்ள சாமான் பெட்டியில் வைக்கவும் கூடாது, அங்கே வெப்பத்தில் கெட்டுவிடும். வலிப்பு மாத்திரையைத் தவறவிட்டு, இரவுத் தூக்கமும் கெட்டால் வலிப்பு வருவதற்கு வேறு காரணமே வேண்டாம். இவ்விரண்டும் எல்லாருக்கும் தெரிந்தவை என்று நினைக்கிறேன். ஆனாலும் ஆண்டுதோறும் நடக்கின்றன.

பெண் குழந்தையின் பையில், அவள் இன்னும் வயதுக்கு வராவிட்டாலும், நாப்கின்கள் இருக்கட்டும். முதல் மாதவிலக்கு பயணத்திலேயே வரலாம். நாப்கினை நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் மாற்ற வேண்டும் என்பதையும் புறப்படும் முன்பே அவளிடம் பேசிவிடுங்கள். நகரத்தில் பல இடங்களில் மேல்நாட்டுக் கழிப்பறைகள்தான் இருக்கும். பழக்கமில்லாத பிள்ளைகள் அதில் உட்காராமல் அரைகுறையாகக் குனிந்து நின்றபடியே கழிக்கிறார்கள். அப்போது சிறுநீர்ப்பை முழுமையாகக் காலியாவதில்லை. இருக்கையைக் கழுவியோ துடைத்தோ நன்றாக உட்காரச் சொல்லுங்கள். சிறுநீர்த் தொற்று பெரும்பாலும் நம் உடலின் கிருமிகளால்தான் வருகிறது. உட்கார்ந்த பலகையிலிருந்து தொற்றிக்கொள்வதில்லை.

பயணம் முடிந்த ஒரு வாரத்துக்குள் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால், சுற்றுலா சென்று வந்ததை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள். தொண்டையைப் பார்த்து மருந்தெழுதிவிடும் அவசரம் எங்களுக்கும் உண்டு. வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையை மட்டும் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு மாத்திரை உள்ளே போய்விட்டாலும் ‘கல்ச்சர்’ என்னும் வளர்ப்புச் சோதனையில் கிருமி முளைக்காமல் போகக்கூடும். பிறகு எந்த மருந்துக்கு அது கட்டுப்படும் என்று தெரியாமல் நாங்கள் தடுமாறுவோம். முதலில் வரும் சிறுநீரை விட்டுவிட்டு, நடுவில் வருவதைச் சுத்தமான குப்பியில் பிடித்துக் கொடுங்கள். அதன் பிறகே முதல் வேளை மருந்து.