ஆளுநருக்கு மனு எழுதும் முன்

பிரிட்டனிடம் இன்னும் 14 கடல்கடந்த ஆட்சிப்பகுதிகள் இருக்கின்றன. கேமன், டர்க்ஸ் கைகோஸ் போன்ற தீவுகளுக்கு வேலைக்குப் போனவர்கள் சிக்கல் வந்ததும் ஆளுநரை நம்பி மனு எழுதுகிறார்கள். அவர் எப்படி வருகிறார் என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள்.

தீவு மக்கள் ஆளுநருக்கு ஓட்டுப் போடுவதில்லை. லண்டனில் வெளியுறவு அமைச்சகம் ஆளை முடிவு செய்கிறது, மன்னர் பெயரில் நியமனம் வருகிறது. பெரும்பாலும் தூதரகப் பணியிலோ அரசுப் பணியிலோ இருந்தவர்கள். சில ஆண்டுகளில் மாறிவிடுவார்கள். அதனால் மனுவை ஆளின் பெயருக்கு எழுதாதீர்கள், 'ஆளுநர் அலுவலகம்' என்று எழுதுங்கள். சில இடங்களில் அவர் ஊரிலேயே இருக்க மாட்டார். பிட்கெர்ன் தீவின் ஆளுநர் நியூசிலாந்தில் இருக்கும் பிரிட்டிஷ் தூதர்தான்.

பெரிய பொறி அதிகாரப் பங்கீடு. போலீஸ், பாதுகாப்பு, வெளியுறவு ஆகியவை பொதுவாக ஆளுநர் பக்கம். சம்பளம், வேலை அனுமதி எல்லாம் பொதுவாக உள்ளூரில் தேர்ந்தெடுத்த அரசின் பக்கம். இரண்டையும் ஒரே மனுவில் கலந்தால் அலைச்சல்தான்.

எனக்குத் தெரிந்த சமையல்காரர் ஒருவருக்கு அதுதான் நடந்தது. முதலாளி பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டார், நான்கு மாதச் சம்பளமும் பாக்கி. நான்கு பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டி ஆளுநருக்கு எழுதினார். ஏழு வாரம் கழித்து இரண்டு வரிப் பதில்: தொழிலாளர் துறையை அணுகவும். அங்கே போனால், பாஸ்போர்ட் போலீஸ் விஷயம் என்றார்கள். போலீஸில், சம்பளத் தகராறு என்றால் தொழிலாளர் துறைக்குப் போ என்றார்கள். அந்த இரண்டு வரிக் கடிதத்தை மடித்து மடித்து ஓரம் கிழிந்த நிலையில் என்னிடம் காட்டினார். பாஸ்போர்ட்டுக்குப் போலீஸில் ஒரு புகார், சம்பளத்துக்குத் தொழிலாளர் துறையில் இன்னொன்று என்று முதல் நாளே பிரித்திருந்தால் அந்த ஏழு வாரம் மிஞ்சியிருக்கும். புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். வாய்மொழிப் பதிலை நம்பி வீடு திரும்பாதீர்கள். போலீஸ் புகாரை வாங்க மறுத்தால், அப்போது ஆளுநருக்கு எழுதுங்கள், அதை மட்டும் எழுதுங்கள்.

பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் இந்தத் தீவுகளுக்கு உறுப்பினர் இல்லை. லண்டன் எம்.பி.க்கு நீங்கள் எழுதினால், என் தொகுதிக்காரர் இல்லையே என்று கைவிரிப்பார். இங்கிலாந்தில் சொந்தக்காரர் இருந்தால், அவர் தன் தொகுதி எம்.பி.யிடம் போகட்டும்.

இந்தியப் பெருங்கடலில் இன்னொரு பிரிட்டிஷ் ஆட்சிப்பகுதியில் உள்ள டியேகோ கார்சியா தீவில் ஆளுநரே கிடையாது, ஆணையர் ஒருவர்தான். அவரும் லண்டனில் இருப்பவர். 2021 அக்டோபரில் படகில் போய் அங்கே சேர்ந்த இலங்கைத் தமிழர்களின் அடைக்கலக் கோரிக்கையை முடிவு செய்யும் அதிகாரம் அந்த ஆணையரிடம் இருந்தது. குழந்தைகளோடு, எலி நடமாடும் கூடாரங்களில் சிலர் மூன்று ஆண்டுக்கு மேல் இருந்தார்கள். 2024 டிசம்பரில், அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம் என்று அந்த ஆட்சிப்பகுதியின் நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது. வழக்கறிஞர்கள் விடாமல் வழக்கு நடத்தியதால் வந்த தீர்ப்பு அது.

ஆகவே மனு போட்ட அன்றே ஒரு வழக்கறிஞரையும் பாருங்கள். வழக்குப் போடக் கால வரம்பு உண்டு. மனுவுக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்தால் அந்த நாட்கள் உங்களுக்காக நிற்காது. அப்புறம், மனுவின் நகல், தபால் ரசீது, வந்த ஒவ்வொரு பதில், எல்லாவற்றையும் போனில் படமெடுத்து ஊரில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். பாஸ்போர்ட்டைப் பிடுங்கத் துணிந்தவர் போனையும் பிடுங்குவார்.